மாறியும் மாறிலியும்: மீரியபெத்த உணர்த்தும் பாடம்

மலையகப் பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் ஏறாது என்பதொரு கூற்று கற்றோரிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றது. பரீட்சைப் பெறுபேறுகளைக் காட்டி அதனை நிறுவ முனைவாரும் உளர். ஏறாதது அட்சரகணிதமன்று, நாம் அதனைக் கற்பிக்கும் முறையே என்பது எமது துணிபு.

‘3ம என்றால் மூன்று மாம்பழம்’ எனத் தொடங்கும் பாடத்தை நம்மில் அறியாதார் யார்? ஆயின் எழுத்து பொருளைக் குறிப்பதன்று, எண்ணைக் குறிப்பது. ‘ம’ மாம்பழமாயின் ம × ம யாது? மாம்பழத்தை மாம்பழத்தாற் பெருக்குதல் எங்ஙனம்? அவ்விடத்திற் பிள்ளை திகைக்கின்றது. நாமோ அதன் அறிவைப் பழிக்கின்றோம். 1591இல் பிரான்சிய அறிஞர் வியேட்டா, தெரியாக் கணியங்களுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் இட்டு எழுதினார். மாறுவதெது, நிற்பதெது என்று பிரித்தறிவதே இக்கலையின் தொடக்கம். அதனை விடுத்து, குறியீடுகளை இடம்மாற்றும் வித்தையை மட்டும் பயிற்றுகின்றோம்.

தோட்டத்துப் பிள்ளை நாள்தோறும் காணும் கணக்கொன்றை நோக்குவோம். தாய் பறித்த கொழுந்து க கிலோ என்க. சாக்குக்கும் ஈரத்துக்குமாக நிறுவையிற் கழிப்பது ஈ கிலோ. ஒரு முழுப்பேருக்குப் பறிக்க வேண்டியது ந கிலோ. அடிப்படைக் கூலி அ ரூபா. மேலதிகக் கிலோ ஒன்றுக்கு வ ரூபா. குறித்த அளவு நிறைவேறின்,

கூலி = அ + வ(க − ஈ − ந)

இங்கு க மாறி. அ, ஈ, ந மாறிலிகள். வ என்பது க-வின் குணகம். குறித்த அளவு குறையின் அரைப்பேரே விழும். ந ஒரு கிலோவால் உயர்த்தப்பட்டால், அதே கொழுந்துக்கு வ ரூபா குறையும் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். மற்றொன்றையும் காணும்: மாறிலி என்பது என்றும் மாறாதது அன்று, அக்கணக்கினுள் மாறாது கொள்ளப்படுவது. அதனை இட்டவர் மாற்றவும் வல்லவர்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் நாட்கூலி 730 ரூபா எனப் பேசப்பட்டது. அதில் அடிப்படைக் கூலி 500, விலைப்பங்கு 30, வரவுக்கான கொடுப்பனவு 60, உற்பத்திக்கான கொடுப்பனவு 140. இறுதி இரண்டும், 200 ரூபா, நிபந்தனைக்கு உட்பட்டவை. மேடையில் மாறிலியாய் முழங்கியது சம்பளச் சீட்டில் மாறியாயிற்று.

கூலியை வகுப்பறைக்குக் கொணர்ந்தால் கணிதம் அரசியலாகிவிடும் என்பர் சிலர். வட்டியும் இலாபமும் பாடநூலிற் கணிதமாயின், கூலி மட்டும் அரசியலாவது எங்ஙனம்?

மாறியை மாறிலியென மயங்கும் கேடு கூலியோடு நின்றுவிடவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. அங்கு வாழ்தல் ஆபத்தென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மழை மாறுமென எவரும் அறிவர். மலையோ மாறிலியாகக் கொள்ளப்பட்டது. நீர் ஊறுந்தோறும் மண்ணின் பிடிப்புத் தளர்கின்றது. சாய்வின் உறுதியும் ஒரு மாறியே. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழின் விழிப்பாயிருத்தல், 100 விழின் வெளியேற ஆயத்தமாதல், 150 விழின் வெளியேறுதல் என்னும் எல்லைகள் இந்நாட்டில் வகுக்கப்பட்டுள்ளன. அவ்வெண்களின் பொருளை உணர்ந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருத்தல் வேண்டும். எனினும் எச்சரிக்கையை உணர்தல் மட்டும் போதாது. பெயர்ந்து செல்லப் பாதுகாப்பான நிலமும் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறவும் கணக்கறிவு துணைநிற்கும்.

ஆதலின், மாணவ நண்பர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஏறாது என்ற பழஞ்சொல்லைக் கைவிடுவோம். சம்பளச் சீட்டையும் மழைமானியையும் கொண்டு, தோட்டப் பாடசாலைகளுக்கென அட்சரகணிதப் பாடங்களை எழுதுவோம். அதன்பின் அப்பிள்ளைகளின் பெறுபேறுகளை அளப்போம்.