சொல்லிவிட்டு வாங்கினால் சுத்தமாகிவிடுமா?

2024 அக்டோபரில் பிரிட்டன் பிரதமர் கீர் ஸ்டார்மர், பதவியேற்ற பிறகு வாங்கிக்கொண்ட பரிசுகளில் 6,000 பவுண்டுக்கும் அதிகமான மதிப்புள்ளவற்றுக்குத் தன் கையிலிருந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரி டிக்கெட், குதிரைப் பந்தய டிக்கெட், மனைவிக்கு வாடகைக்கு எடுத்த உடைகள் ஆகியவற்றுக்கான பணம் அது. இதைப் பகிர்ந்து மெய்சிலிர்க்கும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "பார்த்தீர்களா, மூக்குக்கண்ணாடிக்குக்கூட அங்கே கணக்கு எழுத வேண்டும். இதுவல்லவா ஜனநாயகம்!"

கணக்கு எழுத வேண்டும் என்பது உண்மைதான். பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், தன் பதவியோடு தொடர்புடைய 300 பவுண்டுக்கு மேற்பட்ட பரிசையோ சலுகையையோ பெற்றால், 28 நாட்களுக்குள் அதைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். ஆனால் வாங்கக் கூடாது என்று எந்த விதி சொல்கிறது? இத்தனை ஆயிரத்துக்கு மேல் வாங்கினால் குற்றம் என்று எங்கே இருக்கிறது? எழுதிவிட்டால் கதை முடிந்தது. தீட்டுக்குப் பரிகாரம் சொல்லி வைத்திருக்கும் சாஸ்திரங்களை நாம் அறிவோம். வசதியுள்ளவன் பரிகாரம் செய்து சுத்தமாகிவிடுவான். லண்டன் பதிவேடும் அப்படியொரு பரிகாரமாகத்தான் எனக்குப் படுகிறது.

மூக்குக்கண்ணாடிக் கதையையே எடுத்துக்கொள்வோம். தொழிலதிபரும் லேபர் கட்சியின் மேலவை உறுப்பினருமான வாஹீத் அலி, ஸ்டார்மருக்குக் கொடுத்ததாகப் பதிவேட்டில் இருப்பது: வேலைக்கான உடைகள் 16,200 பவுண்டுக்கு, கண்ணாடிகள் 2,485 பவுண்டுக்கு. இது ஒருவர் கொடுத்தது மட்டும். 2019 இறுதியிலிருந்து கணக்கிட்டால், ஸ்டார்மர் பலரிடமிருந்து பெற்ற பரிசுகளும் உபசரிப்புகளும் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டின. விதியை மீறினாரா என்றால், இல்லை என்றுதான் அவரும் அவர் கட்சியும் சொன்னார்கள். திருப்பிக் கொடுத்த 6,000 பவுண்டும் விதி கேட்டதால் கொடுத்ததல்ல, செய்தித்தாள்கள் விடாததால் கொடுத்தது.

அந்த 16,200 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையை நம்பி வாழும் பிரிட்டன் ஏழைக்கு ஒரு வரம்பு உண்டு. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவி கிடையாது. 6,000 பவுண்டைத் தாண்டினாலே பிடித்தம் ஆரம்பம். ஒரு தலைவருக்கு நண்பர் எடுத்துக் கொடுத்த கோட்டு சூட்டின் விலை அளவுக்கு ஒரு தொழிலாளியின் குடும்பம் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்தால், "உனக்கு எதற்கு உதவி" என்று அரசு கதவைச் சாத்திவிடும். 2013இல் அந்தத் திட்டம் தொடங்கியபோதும் இதே 16,000தான். விலைவாசி எவ்வளவோ ஏறிவிட்டது, வரம்பு ஏறவில்லை.

விலைவாசியைக் காரணம் காட்டி வரம்பை ஏற்ற அங்கே யாருக்கும் தெரியாதா? நன்றாகத் தெரியும். கட்சித் தலைமைக்கு வரும் நன்கொடையில் 7,500 பவுண்டுக்கு மேற்பட்டதைத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. 2024 ஜனவரியில் அதை 11,180 பவுண்டாக உயர்த்தினார்கள். தேசியத் தேர்தலில் ஒரு கட்சி செலவிடக்கூடிய உச்சவரம்பும் ஏறத்தாழ 1.9 கோடியிலிருந்து 3.4 கோடி பவுண்டுக்கு மேல் போனது. காரணம் என்ன தெரியுமா? பணவீக்கமாம்!

நலத்திட்ட விண்ணப்பங்களோடும் வருமானச் சான்றிதழ்களோடும் மல்லுக்கட்டுவது என் அன்றாட வேலை. அதனால்தானோ என்னவோ, எனக்கு லண்டன் செய்திகளில் பராமரிப்பாளர் உதவித்தொகை விவகாரம்தான் அதிகம் உறைத்தது. நோயுற்ற தாயையோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையையோ வாரம் 35 மணிநேரமாவது பார்த்துக்கொள்பவருக்கு, 2024 கணக்குப்படி, வாரம் 81.90 பவுண்டு. அவர் வெளியே வேலை பார்த்து வாரத்துக்கு 151 பவுண்டு வரை சம்பாதிக்கலாம். 152 ஆகிவிட்டால்? கூடுதலாக வந்த ஒரு பவுண்டைப் பிடிக்க மாட்டார்கள், முழு 81.90ஐயும் பிடுங்குவார்கள். வரம்பு தாண்டியதைக் காட்டும் வருமானத் தகவல் துறையின் கையிலேயே இருந்தது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பராமரிப்பாளர்கள் இப்படிக் கடனாளிகள் ஆனார்கள். சிலர் மீது குற்ற வழக்கே பாய்ந்தது. இவர்களிடம் யாரும் "பதிவேட்டில் எழுதிவிடுங்கள், போதும்" என்று சொல்லவில்லை.

சரி, உடையும் கண்ணாடியும் அற்ப விஷயம் என்றே வைத்துக்கொள்வோம். வெஸ்ட்ஃபெரி அற்பமல்ல.

கிழக்கு லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் என்றொரு நகராட்சிப் பகுதி. வங்கதேச வம்சாவளி உழைப்பாளிகள் பெருமளவில் வாழும் இடம். வானுயர்ந்த வங்கிக் கட்டடங்களின் நிழலிலேயே குழந்தை வறுமையும் மிக அதிகம். அங்கே பழைய அச்சகம் ஒன்று இருந்த இடத்தில் சுமார் 1,500 வீடுகள் கட்ட, பத்திரிகை முதலாளியாக இருந்த ரிச்சர்ட் டெஸ்மண்டின் நிறுவனம் அனுமதி கேட்டது. ஆய்வு செய்த திட்ட ஆய்வாளர் வேண்டாம் என்று பரிந்துரைத்தார். 2019 நவம்பரில் கன்சர்வேடிவ் கட்சியின் நிதி திரட்டும் விருந்தில், வீட்டுவசதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் அமர்ந்த மேசையிலேயே டெஸ்மண்டும் அமர்ந்தார். தன் கைப்பேசியில் திட்டத்தின் விளம்பரப் படத்தைக் காட்டினார். பிறகு குறுஞ்செய்திகள். நகராட்சியின் புதிய வரி அமலுக்கு வருமுன் காரியம் முடிய வேண்டும் என்பதே அவர் அவசரம். அந்த "மார்க்சியவாதிகளுக்கு" சும்மா பணம் அழ விருப்பமில்லை என்று அமைச்சருக்கே எழுதினார்.

2020 ஜனவரி 14 அன்று, ஆய்வாளரின் பரிந்துரையைத் தள்ளிவிட்டு அமைச்சர் அனுமதி கொடுத்தார். புதிய வரி அமலுக்கு வந்தது மறுநாள். அந்த ஒரு நாள் இடைவெளியில் டெஸ்மண்ட் நிறுவனத்துக்கு மிச்சமாகவிருந்த தொகை ஏறத்தாழ 4.5 கோடி பவுண்டு. பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்க வேண்டிய பணம். எளியோருக்கான வீடுகளின் பங்கும் நகராட்சி கேட்ட 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகச் சுருங்கியது. இரண்டு வாரம் கழித்து டெஸ்மண்ட் கன்சர்வேடிவ் கட்சிக்கு 12,000 பவுண்டு நன்கொடை கொடுத்தார். அது ஒழுங்காகத் தேர்தல் ஆணையத்தில் பதிவானது!

நகராட்சி நீதிமன்றம் போனது. பாரபட்சம் இருப்பதுபோன்ற தோற்றம் உண்டு, எனவே அந்த முடிவு சட்டவிரோதம் என்று அமைச்சரே ஒப்புக்கொள்ள, அனுமதி ரத்தானது. உண்மையில் பாரபட்சம் காட்டவில்லை என்பது அவர் வாதம். பிரதமர் போரிஸ் ஜான்சன், விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். ஜென்ரிக் அமைச்சராகவே தொடர்ந்தார். இதில் பதிவேடு எதைத் தடுத்தது? ஏழைகள் வாழும் ஒரு நகராட்சி வழக்குச் செலவுக்குத் துணிந்ததால்தான் தடுக்க முடிந்தது.

ஆளைப் பிடித்துக் காரியம் சாதிக்கும் இந்தத் தொழிலுக்கு அங்கே லாபி என்று பெயர். இதைக் கட்டுப்படுத்த 2014இல் ஒரு சட்டம் வந்தது. பெயரிலேயே "வெளிப்படைத்தன்மை" உண்டு. கொண்டுவந்தது டேவிட் கேமரன் அரசு. அடுத்த பெரிய ஊழல் லாபி தொழிலில்தான் வெடிக்கும் என்று 2010இல் எச்சரித்தவரும் இதே கேமரன்தான். ஆனால் சட்டத்தின்படி, பிறருக்காகக் கட்டணம் வாங்கிக்கொண்டு அமைச்சரையோ துறையின் உச்ச அதிகாரியையோ அணுகும் தரகு நிறுவனங்கள் மட்டும் பதிவு செய்தால் போதும். ஒரு கம்பெனி தன் சொந்தச் சம்பளக்காரரையே அனுப்பினால் பதிவு தேவையில்லை.

பிறகு என்ன நடந்தது? பதவி விலகிய கேமரன், கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 2020 கொரோனா காலத்தில், அந்த நிறுவனத்துக்கு அரசு ஆதரவுக் கடன் கேட்டு நிதியமைச்சர் ரிஷி சுனக் உள்ளிட்டோருக்கு டஜன் கணக்கில் குறுஞ்செய்தி அனுப்பினார். கடன் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு நிறுவனமும் திவாலானது. விசாரித்த லாபி பதிவாளர் சொன்னது: கேமரன் ஊழியர், எனவே அவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. தன் அரசு கட்டிய வேலியின் சந்து வழியாகவே அவர் வெளியே வந்தார்.

அதே சட்டத்தின் இரண்டாம் பகுதியை யாரும் மறந்துவிடக் கூடாது. தேர்தலுக்கு முந்தைய காலத்தில் கட்சி சாராத அமைப்புகள் பிரச்சாரத்துக்குச் செலவிடுவதை அது இறுக்கியது. தொண்டு நிறுவனங்கள் அதை வாய்ப்பூட்டுச் சட்டம் என்றே அழைத்தன. மூன்றாம் பகுதி தொழிற்சங்கங்களின் உறுப்பினர் பட்டியலைச் சோதிக்க. கம்பெனி அனுப்பும் ஆளுக்கு விலக்கு, சங்கத்துக்குத் தணிக்கை. ஒரே சட்டத்தில்!

நன்கொடைக்கு அங்கே உச்சவரம்பே கிடையாது. ஓர் ஆளிடம் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2011இல் பொதுவாழ்வு நெறிமுறைக் குழு பரிந்துரைத்தது. பெரிய கட்சிகள் அதைக் கிடப்பில் போட்டன. விளைவு, 2023 என்ற ஒரே ஆண்டில் ஃபிராங்க் ஹெஸ்டரும் அவர் நிறுவனமும் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரு கோடி பவுண்டு கொடுக்க முடிந்தது. நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் டயான் அபோட் சுட்டுக் கொல்லப்பட வேண்டியவர் என்று இந்த மனிதர் 2019இல் பேசியது 2024 மார்ச்சில் வெளிவந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், தன் பேச்சுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்றார். பேச்சு இனவெறிதான் என்று பிரதமர் அலுவலகமும் இறுதியில் ஒப்புக்கொண்டது. பணத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இவ்வளவும் உங்களுக்குத் தெரிவதே பதிவேடு இருப்பதால்தானே?" என்று கேட்பீர்கள். பாதி நியாயம். பதிவேடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கத் தடையும் வேண்டும், வரம்பும் வேண்டும், மீறினால் பதவி போக வேண்டும் என்கிறேன். மீதிப் பாதிக்கு, பதிவேட்டுக்கே வராத ஒன்றைச் சொல்கிறேன். நம் கதை அது.

பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண், இங்கிலாந்தில் ஒரு நாளைக்கு 18 மணிநேரம், வாரம் ஏழு நாளும் உழைத்தார். தரையில் மெத்தை. கூலி மணிக்கு 11 பென்ஸ் அளவுக்கே வந்தது. 2015இல் தீர்ப்பாயம் ஏறத்தாழ 1,84,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. இப்படிப்பட்டவர்கள் சாதியின் பெயரைச் சொல்லியே வழக்குப் போட, சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தாக வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றமே அரசுக்குக் கட்டளையிட்டது. நம் தலித் அமைப்புகளும் அதற்காகத் தெருவில் நின்றன, உறுப்பினர்களைச் சந்தித்தன. அதுவும் லாபிதான், மறைக்க ஒன்றுமில்லை. இந்து அமைப்புகள் பல எதிர்த்தன. அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

அமைச்சர்கள் இழுத்தடித்தார்கள். 2017இல் கருத்துக் கேட்பு நடந்து 16,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. 2018 ஜூலையில், சாதியைச் சேர்க்கப் போவதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், 2013இன் கட்டளையையே நீக்குவோம் என்று அரசு அறிவித்தது. அந்த ஐந்தாண்டுகளில் எந்த அமைச்சரிடம் யார், எந்த விருந்தில், என்ன பேசினார்கள்? கட்டணம் வாங்காத சமூக அமைப்புகள் லாபி பதிவேட்டில் வர மாட்டா. அமைச்சர்களின் சந்திப்புப் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், நோக்கம் என்ற இடத்தில் இரண்டு சொல் இருக்கும். கட்சி விருந்து அரசுச் சந்திப்பாகாது, எனவே அதிலும் இருக்காது.

நீக்குவோம் என்று சொன்ன கட்டளையை அவர்கள் நீக்கவும் இல்லை. 2013 சட்டத்தின் 97ஆவது பிரிவு, அமைச்சர் சாதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 152 பவுண்டு சம்பாதித்த பராமரிப்பாளருக்கு நோட்டீஸ் அனுப்பத் தெரிந்த அரசில், இந்தக் கட்டளையை மீறிய அமைச்சர் ஒருவருக்கும் இதுவரை நோட்டீஸ் போனதில்லை.