சரக்கு வண்டியில் கூடுதல் விளக்கு: பியூஸ் எங்கே?

கொங்கு நாட்டு உழவர்களுக்கு மின்சாரம் புதிதன்று. 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவைப் பகுதியில் ஆலைகள் பெருகின. கவலை ஓட்டி நீர் இறைத்த கிணறுகளில் காலப்போக்கில் மின் மோட்டார்கள் ஏறின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கியதும் கோவையில்தான். இன்று இப்பகுதியில் மெயின் சுவிட்சும், பியூஸ் கட்டையும், ஸ்டார்ட்டரும் இல்லாமல் மின்கம்பத்திலிருந்து நேரே மோட்டாருக்கு வயர் இழுக்க எந்த உழவரும் ஒப்பமாட்டார். அப்படிச் செய்தால் காயில் கருகிவிடும் என்பது வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும்.

ஆனால் அதே உழவர், தம் சரக்கு வண்டிக்கு ஒரு கூடுதல் விளக்குப் பொருத்தும்போது இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறார். பேட்டரி முனையில் ஒரு வயரைச் சுற்றி, மறுமுனையை விளக்கில் முறுக்கி, கறுப்பு டேப் ஒட்டினால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார். தோட்டத்து மோட்டாருக்குக் காட்டும் கவனத்தில் பாதியாவது வண்டிக்கும் காட்ட வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

தேவை உண்மையானது

2005இல் டாடா ஏஸ் வண்டி வந்தபின் சிறு உழவர்களின் போக்குவரத்தே மாறிவிட்டது. 'குட்டி யானை' என்று மக்கள் செல்லமாக அழைக்கும் இவ்வகை வண்டிகளும், பிக்கப் வண்டிகளும் இன்று சூலூர், செட்டிபாளையம் போன்ற பகுதிகளின் காய்கறியை விடியுமுன் சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்நாளில் மாட்டுவண்டியின் அச்சுக்கடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கு இந்த வேலைக்குப் போதாது. இருட்டில் தக்காளிப் பெட்டி அடுக்க, தளத்தின் மேல் ஒரு விளக்கு வேண்டும். தெருவில் கூவி விற்க மைக் செட் வேண்டும். மின்னணுத் தராசுக்கும், பேட்டரித் தெளிப்பானுக்கும், கைப்பேசிக்கும் சார்ஜ் ஏற்ற வசதி வேண்டும். இவை எதுவும் வீண் ஆடம்பரம் அன்று, தொழிலுக்கான கருவிகளே. ஆகவே இவற்றைப் பொருத்தவே கூடாது என்று சொல்வது பயனற்ற அறிவுரை. எப்படிப் பொருத்துவது என்பதுதான் கேள்வி.

12 வோல்ட்தானே!

தவறுக்கு அடிப்படை ஒரு தப்பெண்ணம். வண்டி பேட்டரி 12 வோல்ட்தான். கையால் தொட்டாலும் ஷாக் அடிப்பதில்லை. எனவே ஆபத்தில்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். மனிதனுக்கு ஷாக் அடிப்பது மின் அழுத்தத்தால், அதாவது வோல்ட்டால். ஆனால் வயர் சூடேறுவது அதில் ஓடும் மின்னோட்டத்தால், அதாவது ஆம்பியரால். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி விபத்தைத் தவிர்த்துவிடலாம்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு என்றால் 110 வாட். அதை 12ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று அதிகம். கிணற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஒரு பேஸில் இழுப்பதே ஏறத்தாழ 7 முதல் 8 ஆம்பியர்தான். மோட்டாருக்குத் தடித்த வயரைத் தேடி வாங்கும் உழவர், அதைவிட அதிக ஆம்பியர் ஓடும் விளக்குக்கு ஸ்பீக்கர் வயரைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

பியூஸ் எதைக் காக்கிறது?

பியூஸ் விளக்கைக் காப்பதற்காக என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. பியூஸ் காப்பது வயரை; வயரின் மூலம் வண்டியை. தான் உருகி மற்றதைக் காப்பதால்தான் தமிழில் அதற்கு உருகி என்று பெயர்.

வண்டியின் இரும்பு உடல் முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையுடன் இணைந்தது. பாசிட்டிவ் வயர் தகட்டிலுள்ள ஓட்டை வழியே செல்லும்போது, தோட்டத்து இட்டேரியின் குலுக்கலில் அந்த விளிம்பு வயரின் மேலுறையைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. எலி கடித்தாலும் இதே நிலைதான். ஒருநாள் உள்ளே இருக்கும் செம்பு இரும்பைத் தொடும். அந்த நொடியில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்தச் சிறு வயருக்குள் தள்ளும். சில நொடிகளில் அது ஹீட்டர் காயில்போல் பழுத்துவிடும். உறை உருகி, அருகிலுள்ள மற்ற வயர்களுக்கும், டீசல் குழாய்க்கும், ஒட்டிக் கிடக்கும் தூசி தும்புக்கும் தீ பரவும். பின்னால் சோளத்தட்டோ, தேங்காய் நாரோ, காலிச் சாக்கோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நேரே பேட்டரியிலிருந்து எடுத்த வயரில், சாவியை எடுத்துவிட்டாலும் மின்சாரம் நிற்காது. தோட்டத்துச் சாளையில் ஆட்கள் உறங்கும்போது, ஓரமாக நிறுத்தி வைத்த வண்டியிலும் தீ மூளலாம். பக்கத்தில் கட்டுத்தரையில் மாடுகள் நிற்கும்.

எனவே பியூஸ் பொருத்த வேண்டிய இடம் விளக்கின் அருகில் அன்று, பேட்டரியின் அருகில். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருத்தல் வேண்டும். அதற்கு முன்னால் உள்ள வயருக்குக் காவல் கிடையாது. ஆகவே அந்தப் பகுதி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. விளக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது, பட்டிக்கு உள்ளே வேலி போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

அளவும் முறையும்

வயர் வாங்கும்போது மோட்டார் வாகனங்களுக்கெனத் தயாரிக்கும், பல இழைகள் கொண்ட செம்பு வயரையே கேட்டு வாங்க வேண்டும். இதற்கென ஐ.எஸ். 2465 என்ற இந்தியத் தரம் தனியே உள்ளது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயர் வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும். பாதுகாப்பை முன்னிட்டு 1.5 ஸ்கொயர் வயருக்கு 10 ஆம்பியர், 2.5 ஸ்கொயர் வயருக்கு 15 ஆம்பியர், 4 ஸ்கொயர் வயருக்கு 25 ஆம்பியர் பியூசுக்கு மேல் போகாமலிருப்பது நலம். மேலே சொன்ன இரண்டு ஹாலஜன் விளக்குகளுக்கு 2.5 ஸ்கொயர் வயரும் 15 ஆம்பியர் பியூசும் பொருந்தும். தகடு வடிவப் பியூசுகளில் நிறத்தைக் கொண்டே அளவை அறியலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

அதிக ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கும் ஹாரனுக்கும் ரிலே அவசியம். மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் செய்யும் வேலையையே வண்டியில் ரிலே செய்கிறது. ஓட்டுநர் தட்டும் சிறு சுவிட்சில் மிகச் சிறிய மின்னோட்டமே ஓடும். பெரிய மின்னோட்டம் ரிலே வழியே நேராக விளக்குக்குப் போகும். நான்கு கால் ரிலேயில் 30 என்ற காலுக்குப் பியூஸ் வழியாகப் பேட்டரி வயர், 87க்கு விளக்கு, 86க்குச் சுவிட்ச், 85க்கு எர்த் என இணைக்க வேண்டும். சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் இணைப்பிலிருந்து எடுத்தால், மறந்துபோய் விளக்கை எரியவிட்டுப் போகும் தொல்லையும் இராது.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும்; முடித்தபின் கடைசியாக அதை மாட்ட வேண்டும். தகட்டு ஓட்டைகளில் ரப்பர் புஷ் போடாமல் வயரை நுழைக்கலாகாது. சைலன்சரை ஒட்டியோ, டீசல் குழாயோடு சேர்த்தோ வயரைக் கட்டலாகாது. முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு வெயிலில் பசை இளகி அவிழும்; லக் வைத்து அழுத்திய இணைப்பே நிலைக்கும். எர்த் வயரை வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும்.

விளக்குகளுக்கு எல்.இ.டி. வகையைத் தேர்ந்தெடுப்பது சாலச் சிறந்தது. 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு சேர்ந்தும் மூன்றரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் சரக்கு ஏற்றினால் ஹாலஜன் விளக்குகள் 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ பாதியைக் குடித்துவிடும். விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல், பறித்த கீரை தளத்திலேயே வாடும் நிலை அப்படித்தான் நேர்கிறது.

2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு விற்கப்படும் பி.எஸ்.-6 வண்டிகளில் எஞ்சினையே கணினி ஆள்கிறது. இவற்றில் கம்பெனி வயரை இடையில் சீவி ஒட்டுப்போடுவது அறவே கூடாது. வாரண்டி விஷயத்திலும் சிக்கல் வரலாம். வேண்டிய மின்சாரத்தைத் தனிப் பியூசுடன் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, உரிய அனுமதியின்றி வண்டியின் முகப்பில் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதையும், பல சுரங்களில் மாறி ஒலிக்கும் ஹாரனையும் தடை செய்கின்றன. எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு உழவர்க்கு எவ்வகையிலும் பயன் தராது. சரக்கு ஏற்றும் விளக்கு தளத்தை நோக்கிக் கீழ்முகமாக இருந்தால் போதும். வண்டி ஓடும்போது அது அணைந்திருக்க வேண்டும்.

கம்பெனி பொருத்தித் தராத மின்சாதனங்களைக் காப்பீட்டில் தனியே குறிப்பிட்டுக் கூடுதல் பிரீமியம் செலுத்தும் வசதி உண்டு. சொல்லாமல் மாட்டிய சாதனத்தால் தீ மூண்டால் இழப்பீட்டில் தகராறு எழ இடமுண்டு. கடன் வாங்கி எடுத்த வண்டி எரிந்தபின்னும் தவணை மட்டும் நிற்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சாக்குகள் இரண்டு

"பத்து வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்பது முதல் சாக்கு. மேலுறை தேய்வதற்கு ஆகும் காலம்தான் அந்தப் பத்து வருடம். புது வயரைவிடப் பழைய வயரே அதிக ஆபத்தானது.

"பியூஸ் அடிக்கடி போகிறது, அதனால் பெரிதாகப் போட்டுவிட்டோம்" என்பது இரண்டாவது. மோட்டார் அறைப் பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றும் பழக்கமே இங்கும் தொடர்கிறது. பியூஸ் போவது நோயன்று, நோயின் அறிகுறி. எங்கோ வயர் உரசுகிறது, அல்லது வயருக்கு மிஞ்சிய பாரம் ஏறியிருக்கிறது என்று அது எச்சரிக்கிறது. குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் போய்விடமாட்டான்.

வேலை செய்பவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. "சட்டுனு மாட்டிக் கொடுங்க, சந்தைக்கு நேரமாச்சு" என்று அவசரப்படுத்துபவர் உழவரே. பியூஸ், அதன் கூடு, ரிலே, நல்ல வயர் ஆகிய எல்லாம் சேர்ந்தும் ஆகும் கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான். அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதும் உழவரே. பல லட்ச ரூபாய் வண்டிக்கும் அதில் ஏறும் உயிர்களுக்கும் இந்தச் செலவு பெரிதன்று.

அறிவுறுத்தும் பொறுப்பில் இருப்போரும் இதில் பங்கேற்க வேண்டும். உழவர் பயிற்சிகளில் பம்புசெட்டுப் பராமரிப்புக்கும் டிராக்டருக்கும் நேரம் ஒதுக்கப்படுகிறது. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் வண்டியின் மின் இணைப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது தக்கது. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் வருடம் ஒருமுறை நல்லதொரு ஆட்டோ எலக்ட்ரீசியனை அழைத்து, உறுப்பினர்களின் வண்டிகளை வரிசையாகச் சோதிக்கச் செய்யலாம்.

அதுவரை ஒவ்வொரு உழவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்றே பேட்டரி மூடியைத் திறந்து, பாசிட்டிவ் முனையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கூடுதல் வயரையும் விரலால் தொடர்ந்து பார்க்கட்டும். ஒரு சாணுக்குள் பியூஸ் தென்படாத வயரை அன்றே கழற்றி வைக்கட்டும். அடுத்த முறை புதிய சாதனம் பொருத்தும்போது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன் "பியூஸ் எங்கே?" என்று கேட்கட்டும். அதைக் கண்ணால் கண்டபின் கூலியைக் கொடுக்கட்டும்.