நெல்லு தண்ணியில சாகாதாம்!

போன வாரம் சென்னையிலேர்ந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். ஐடி வேலை, பாசமான பிள்ளை. "டிவில பாத்தேண்ணே, உங்க பக்கம் பூரா தண்ணியாமே. இயற்கையை நாம என்னண்ணே பண்ண முடியும்?" என்றான். ஆறுதலாத்தான் சொன்னான். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. கோபம் அவன் மேல இல்லை, அந்த "இயற்கை" மேல.

ஒரு கணக்கு சொல்றேன். எங்க ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரியோட கடைமடை. 2021 ஐப்பசியில் ரெண்டு நாள் விடாம அடிச்சது மழை. நட்டு ஒரு மாசம்கூட ஆகாத சம்பா. எங்க அப்பா காலத்துல இப்படிப் பெய்தா மூணாம் நாள் வரப்பு தெரியும், அஞ்சாம் நாள் பயிர் தலை தூக்கும். 2021-ல் எனக்கு வரப்பு தெரியறதுக்குப் பதினோரு நாள் ஆச்சு. ஏழு மா போட்டிருந்தேன் (மூணு மா ஒரு ஏக்கர்னு வச்சுக்கங்க). தண்ணி வடிஞ்சப்ப வயல்ல பயிர் இல்லை, அழுகின நாத்தம்தான் இருந்துச்சு.

ரெண்டு நாள் மழை இயற்கை. ஒத்துக்கறேன். மிச்ச ஒன்பது நாள் யாரோடது?

டெல்டாவில தண்ணி வர்றதுக்கு ஒரு வாய்க்கால், போறதுக்கு ஒரு வாய்க்கால். வர்றது பாசனம், போறது வடிகால். வருஷா வருஷம் ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னாடி தூர் வாருவாங்க. பாசன வாய்க்கால்ல தண்ணி ஏறலைன்னா ஜூலையிலேயே ரோட்டு மறியல் நடக்கும், அதனால அங்க கொஞ்சமாச்சும் வேலை நடக்குது. வடிகாலை மே மாசத்துல யார் நினைக்கிறா? காய்ஞ்சு கிடக்கும், ஆடு மேயும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும். ஐப்பசி வந்தாத்தான் அது வாய்க்கால்னே எல்லாருக்கும் ஞாபகம் வரும். போதாக்குறைக்கு, ரோடு அகலப்படுத்துறப்ப எங்க ஊர் மூணு கண் மதகை எடுத்துட்டு ரெண்டு சிமெண்ட் குழாயைப் புதைச்சுட்டுப் போனாங்க. ரோடு அருமையா இருக்கு. பஸ் குலுங்காம போகும்.

ஆபத்தை அளக்கத் தெரியாத ஜனம்னு எங்களை நினைச்சுக்காதீங்க. வடிகால் ஓரம் ஒரு பழைய படித்துறை இருக்கு. மேலேருந்து மூணாம் படி முழுகினா மாட்டை மேட்டுக்கு ஓட்டணும். அமாவாசை, பௌர்ணமியா இருந்தா நாலாம் படிக்கே ஓட்டிடணும். ஏன்னா அன்னைக்குக் கடல் ஏத்தம் அதிகம், ஆத்துத் தண்ணியைக் கடல் வாங்காது, வந்த தண்ணி திரும்பி நம்ம வயல்லதான் ஏறும். மழை, படி, பிறை மூணையும் சேர்த்துப் பாத்துதான் எங்க அப்பாயி முடிவு சொல்லும். பள்ளிக்கூடம் போகாத பொம்பளை.

எங்க கணக்கு தப்பாதுன்னும் சொல்லலை. 2018 நவம்பர் 15 சாயங்காலம் கஜா வருதுன்னு மைக்குல கத்தினாங்க. "எத்தனை புயல் பாத்தாச்சு, இதுவும் ஆந்திராப் பக்கம் போயிடும்"னு டீக்கடையில பேசினவன்ல நானும் ஒருத்தன். விடிய விடிய அடிச்ச அடியில காலையில எழுந்து பாத்தா பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னை எல்லாம் சாய்ஞ்சு கிடந்துச்சு. வானிலை இலாகா சொன்னது சரி, நாங்க சொன்னது தப்பு. புயலைப் பொறுத்தவரை அவங்க சொல்றதைக் கேட்கறதுதான் புத்தி. அதுக்கப்புறம் நான் கேட்கறேன்.

ஆனா நாங்க சொல்றதை அவங்க எப்பக் கேட்டாங்க? பேரிடர் பயிற்சின்னு ஒரு தடவை ஊருக்கு வந்தாங்க. மாரியம்மன் கோயில் வாசல்ல கோலமாவாலே ஊர்ப் படம் போடச் சொன்னாங்க. ஆறு, வாய்க்கால், பள்ளிக்கூடம், குடிசை எல்லாம் போட்டோம். வெள்ளம் எங்கேர்ந்து வரும்னு கேட்டப்ப எல்லாரும் ஆத்தைக் காட்டினோம். ஒரு கிழவி மட்டும் எழுந்து வந்து அந்த ரெண்டு குழாய் மேல விரலை வச்சுது. "இங்கேர்ந்துதான்யா வரும்." கைதட்டினாங்க, போட்டோ புடிச்சாங்க, சாம்பார் சாதம் குடுத்தாங்க. குழாய் அப்படியே இருக்கு.

இப்ப காப்பீட்டுக்கு வர்றேன், இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல நஷ்டத்தை வயல் வயலாப் பாக்கறதில்லை. கிராமம் முழுசும் ஒரே அலகு. அறுவடைச் சமயத்துல நாலு வயலைக் குலுக்கல் மாதிரி எடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்து, எடை போட்டு, அதுதான் ஊரோட மகசூல்னு எழுதுவாங்க. எங்க ஊர்ல மேலப்பக்கம் மேடு, கீழப்பக்கம் பள்ளம். அந்த வருஷம் விழுந்த வயல்ல பெரும்பாலும் மேடு. சராசரி நல்லாவே வந்துச்சு. எனக்குக் கிடைச்சது பூஜ்யம். நான் முழுகினது நிஜம், ஊர் முழுகலைங்கறதும் கணக்குப்படி நிஜம்.

சரி, தனி வயலுக்குன்னு ஒரு வழி இருக்குமே? இருந்துச்சு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்கறது மாதிரி ஒரு பகுதியை மட்டும் பாதிக்கற இடருக்கு வயலைத் தனியா வந்து பாப்பாங்க. 2018-ல் அந்த வெள்ளப் பிரிவுலேர்ந்து நெல்லை மட்டும் எடுத்துட்டாங்க! தண்ணியில வளர்ற பயிராச்சே, முழுகின வயலை எப்படி மதிப்பிடறது, விவசாயி ஏமாத்திட்டா என்ன பண்றதுன்னு காரணம். தண்ணியில நிக்கற பயிர் வேற, தண்ணிக்குள்ள கிடக்கற பயிர் வேற. மீன் தண்ணியில வாழுதுன்னு நாமளும் வாழ முடியுமா? சி.ஆர். 1009 சப்-1 மாதிரி ரகம் ரெண்டு வாரம் வரை முழுகித் தாங்கும்னு நாத்து வாங்கறப்பவே தெரியும். அது தாங்குங்கறதைத் தனியாச் சொல்லி விக்கறாங்கன்னா, மத்தது தாங்காதுன்னுதானே அர்த்தம்?

2025 நவம்பர்ல, அடுத்த காரீஃப் முதல் நெல்லை மறுபடி சேர்க்கறதா அறிவிச்சாங்க. சந்தோஷம். நடுவுல போன சம்பாவுக்கெல்லாம் யார் பதில் சொல்றது?

சென்னைக்காரங்க இதைப் படிச்சுட்டு "பாவம் விவசாயி"ன்னு நகர்ந்துடாதீங்க. 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்துலேர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தப்ப உங்க வீட்டு மாடி வரைக்கும் வந்தது எது? அன்னைக்கு எல்லாரும் நூறு வருஷத்து மழைன்னுதான் பேசினாங்க. 2018-ல் சட்டமன்றத்துல வச்ச சிஏஜி அறிக்கை, மனுஷனால் வந்த பேரழிவுன்னு எழுதிச்சு. பள்ளிக்கரணைச் சதுப்பைப் பத்துல ஒரு பங்கா சுருக்கினது வானம் இல்லை. எங்க ஊர்ல குழாய், உங்க ஊர்ல அடுக்குமாடி.

இப்ப எங்க கீழப்பக்கத்துலயும் ஒருத்தர் பிளாட் போட்டுக் கொடி நட்டிருக்கார். "நகருக்கு அருகில், நீர்வளம் மிக்க பகுதி"ன்னு நோட்டீஸ். நீர்வளம் உண்மைதான். வாங்க நினைக்கறவங்க கார்த்திகை மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க, சித்தப்பா மகனுக்கும் இதேதான் சொல்லிட்டேன். அவனும் நோட்டீஸை வாட்ஸப்புல அனுப்பி விலை சரியான்னு கேட்டிருந்தான்.

காலையில மூணாம் படி தொட்டுக்கிட்டு நின்னுச்சு. நாளைக்கு அமாவாசை. மாட்டை அவுக்கணும், வர்றேன்.