மார்க்குக்கு மட்டுமா கணக்கு?

"கணக்குன்னாலே எனக்கு ஆகாது" என்று நம் ஊரில் யாரும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. வக்கீல் சொல்வார், டாக்டர் சொல்வார், பட்டிமன்றப் பேச்சாளர் மேடையில் சொல்லிக் கைதட்டலே வாங்கிவிடுவார். அதே ஆள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் ரஃப் நோட்டில் எண்களைக் கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் விடமாட்டார். "எந்தப் பரீட்சைக்கு?" என்பார். பரீட்சைக்கு இல்லை, சும்மாதான் என்றால், "நீ என்ன பெரிய ராமானுஜனா?" என்பார்.

இரண்டு கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை. கணக்கு ஒன்று மார்க்குக்கு, இல்லாவிட்டால் மேதைக்கு. இரண்டும் இல்லாதவருக்கு அங்கே என்ன வேலை? பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருக்கும் இந்த நம்பிக்கை வடிகட்டின பொய்.

ராமானுஜனிடமிருந்தே தொடங்குவோம். டிசம்பர் 22 வந்தால் பள்ளிக்குப் பள்ளி கூட்டம் நடக்கிறது. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதையைத் தவறாமல் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? சாமி வந்து சொன்னால்தான் கணக்கு வரும், நமக்கெல்லாம் வராது என்றுதானே? கும்பிடு போட்டே அவரை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டோம்.

அந்த மேடைகளில் யாரும் வாய்திறக்காத சங்கதி ஒன்று உண்டு. 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி ஐயர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல, டெபுடி கலெக்டர். அரசாங்கக் கோப்பு போக மிச்ச நேரத்தில் கணிதம் பார்த்தவர். வேலை தேடி அலைந்த ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போய் நோட்டுப் புத்தகங்களைக் காட்டியது இவரிடம்தான். கழகத்தின் இதழில் வாசகர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி போட்டு விடை எழுதும் பகுதி இருந்தது. 1911 முதல் ராமானுஜன் அதில் கேள்வி அனுப்பினார். புதிர்ப் பக்கத்தில் விளையாடும் வாசகராகத்தான் அவர் அச்சில் அறிமுகமானார்.

அவர் 1913இல் அதில் போட்ட கேள்வி ஒன்றைப் பாருங்கள். 1 முதல் 4 வரை பெருக்கினால் 24. ஒன்று கூட்டினால் 25, அது 5இன் வர்க்கம். 1 முதல் 5 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 121, அது 11இன் வர்க்கம். 6 வரை போனால் 721 வருகிறது, வர்க்கம் இல்லை. 7 வரை போனால் 5041, அது 71இன் வர்க்கம். இப்படி இன்னும் எத்தனை உண்டு? பிரெஞ்சுக்காரர் ஆன்றி புரோக்கார் 1876இலேயே இதைக் கேட்டிருந்தார். கணினிகள் நூறு கோடியைத் தாண்டித் தேடிவிட்டன, நான்காவது சிக்கவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தப் பேராசிரியரிடமும் விடை கிடையாது.

கேம்பிரிட்ஜ் போன பிறகும் அவருக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. 1914 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு முன்னால் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் பின்னால் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அது எந்த வீடு? நண்பர் மஹலனோபிஸ் இதை வாசித்துக்காட்டியபோது ராமானுஜன் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்தார். கிளறியபடியே விடை சொன்னார். 288 வீடுகள், 204ஆம் எண். அதோடு, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் வழியையும் சொன்னார்.

அவர் வேகம் நமக்கு வராது, ஒப்புக்கொள்வோம். ஆனால் எட்டு வீட்டுத் தெருவில் ஆறாம் வீடு பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கலாம். முன்னால் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, பின்னால் 7உம் 8உம் சேர்ந்தால் 15. அடுத்து 49 வீட்டுத் தெருவில் 35ஆம் வீடு. கால் மணி நேரத்தைக் கொடுத்தால் கிடைக்கிற இந்தச் சந்தோஷத்துக்கு மேதைமை தேவையில்லை.

"பெரிய படிப்பு வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வி. மார்ஜரி ரைஸ் என்ற அமெரிக்க இல்லத்தரசி பள்ளிப் படிப்போடு நின்றவர், ஐந்து பிள்ளைகளின் தாய். மகனுக்காக வாங்கிய 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 1975இல் மார்ட்டின் கார்ட்னரின் புதிர்ப் பத்தியைப் படித்தார். ஒரே மாதிரியான, உள்நோக்கி மடியாத ஐங்கோண ஓடுகளைக் கொண்டு இடைவெளி விழாமல் தரை முழுக்கப் பதிக்க எத்தனை வகை ஓடு உண்டு என்பது அதில் இருந்த விஷயம். எட்டு வகைதான், அதோடு முடிந்தது என்று 1968இல் ஒரு கணிதவியலாளர் அறிவித்திருந்தார். இன்னொரு வாசகர் ஒன்பதாவதைக் கண்டுபிடித்து அனுப்ப, அந்த அறிவிப்பு பொய்த்தது. ரைஸ் தானே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கிச் சமையலறை மேடையில் வரைந்து பார்த்து, இரண்டு ஆண்டுகளுக்குள் நான்கு புதிய வகைகளைக் கண்டார். யாராவது வந்தால் தாள்களைச் சட்டென்று மூடிவிடுவாராம், என்ன செய்கிறாய் என்ற கேள்விக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்குமே என்று. நம் ஊரில் கேட்கும் அதே கேள்விக்கு அந்த அம்மாள் அங்கே பயந்திருக்கிறார். மொத்தமே 15 வகைதான் என்று 2017இல் கணினி உதவியோடு நிரூபித்தார்கள். அதில் நான்கு அவருடையவை.

நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். கப்ரேகர் நம் நாட்டுக்காரர். ஏதாவது நான்கு இலக்க எண், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். 3524 என்று வைப்போம். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கினால் 5432, ஏறுவரிசையில் 2345, கழித்தால் 3087. அதையே திரும்பச் செய்யுங்கள்: 8730இலிருந்து 0378 போனால் 8352. மறுபடி 8532இலிருந்து 2358 போனால் 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு முறைக்குள் 6174இல்தான் வந்து நிற்கும். 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதைச் சொன்னார் கப்ரேகர். இதெல்லாம் சில்லறை விளையாட்டு என்று நம் அறிஞர்களில் பலர் ஒதுக்கினார்கள். 1975இல் கார்ட்னர் எழுதிய பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. காம்பஸும் அளவில்லாத ஸ்கேலும் மட்டும் வைத்து எல்லாக் கோணங்களையும் மூன்று சம பாகமாக்கும் பொதுவழி கிடையாது என்று 1837இல் கணிதவியலாளர் வான்ட்செல் நிரூபித்துவிட்டார். இன்றைக்கும் "செய்து முடித்துவிட்டேன்" என்று பேராசிரியர்களுக்குக் கத்தை கத்தையாக அனுப்புகிறவர்கள் உண்டு. இவர்களைப் பார்த்துத்தான் பொழுதுபோக்குக் கணிதம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இந்த ஆட்களும் அதே நம்பிக்கையின் பிள்ளைகள்தானே? கணக்கு மேதைக்கே உரியது என்று நம்புவதால், ஒரே ராத்திரியில் மேதையாகப் பார்க்கிறார்கள். விளையாட வந்தவருக்கு அந்த அவசரம் கிடையாது. தன் விடையில் ஓட்டை இருக்கிறதா என்று தானே முதலில் தேடுவார்.

ரைஸையும் கப்ரேகரையும் சொன்னதால், நீங்களும் ஏதாவது கண்டுபிடிக்கலாம் என்று நான் ஆசை காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்டுபிடிக்காமலே போகத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் என்ன? தெருமுனையில் கேரம் ஆடுகிறவரிடம் உலகக் கோப்பை வாங்குவாயா என்று யாரும் கேட்பதில்லை. கணக்கிடம் மட்டும் பிரயோஜனம் கேட்கிறோம். நம்மிடம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல ஒரு செய்யுள் வைத்திருக்கிறது. சந்தைக்கும் நிலத்துக்கும் கணக்குச் சொன்ன நூலே விளையாட்டுக்கும் இடம் விட்டது. அந்த இடத்தைப் பறித்தது கைடும் டியூஷனும் மூன்று மணி நேரப் பரீட்சையும்தான். பரீட்சைக் கணக்குக்கு விடை முன்பே தெரியும், நேரம் மட்டும் தெரியாமல் ஓடும். புதிரை மூன்று மாதம் பையில் வைத்திருக்கலாம், யாரும் மணி அடிக்க மாட்டார்கள்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை பாடத்தில் இல்லாத ஒரு கணக்கோடு வந்து நின்றால், "இது பரீட்சையில் வருமா?" என்று கேட்காதீர்கள். உட்கார்ந்து கூடவே போட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் இதுவே: ராமானுஜன் 1913இல் போட்ட அந்தக் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதற்கு வயது வரம்பு இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை, கட்-ஆஃப் மார்க்கும் இல்லை.