கிண்ணம் யாருடையது?

பசுமலை டீக்கடையில் ஒரு பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “சிங்கப்பூர்ல நம்ம எஸ்.ஆர்.நாதன் ரெண்டு தடவை ஜனாதிபதி. தமிழன்னா சும்மாவா தம்பி?”

சும்மா இல்லைதான். கடனில் நொடித்துப்போய் அப்பா தற்கொலை செய்துகொண்ட குடும்பம். வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பிழைத்த பையன். 1974-ல் லாஜு படகைக் கடத்திய ஆயுதக்காரர்களோடு குவைத்துக்கு விமானம் ஏறிய 13 அதிகாரிகளுக்கு இவர்தான் தலைவர். திரும்பி வருவோமா என்பது நிச்சயமில்லாத பயணம். அந்தத் துணிச்சலுக்கு என் சல்யூட்.

ஆனால், பெரியவர் விட்டுவிட்ட கதையும் இருக்கிறது.

உளவுப் பிரிவின் இயக்குநராகவும், பிறகு வெளியுறவுச் செயலாளராகவும் இருந்த நாதனை, 1982-ல் பிரதமர் லீ குவான் யூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகை நிறுவனத்துக்குத் தலைவராக அனுப்பினார். பத்திரிகை ஒரு பீங்கான் கிண்ணம், உடைந்தால் ஒட்டலாம், பழையபடி ஆகாது என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். பத்திரிகையாளர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். நாதன் கிண்ணத்தை உடைக்கவில்லை. 1988 வரை பத்திரமாகவே வைத்திருந்தார்.

என் கேள்வி வேறு. எடுத்துக் கொடுப்பதற்கு அது பிரதமர் வீட்டுக் கிண்ணமா? காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவனுக்கு அதில் பங்கில்லையா? வந்தவர் நல்லவர் என்பது பதிலாகாது. அடுத்து வருகிறவரும் நல்லவராக இருப்பார் என்று யார் கியாரண்டி தருவது?

ஜனாதிபதி பதவியும் இப்படித்தான். 1999, 2005 இரண்டு முறையும் மற்றவர்களுக்குத் தகுதியில்லை என்று தேர்தல் குழு சொல்லிவிட்டது. மிச்சம் இவர் ஒருவர்தான். ஓட்டுப்பதிவே நடக்கவில்லை. நடந்திருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பார். அந்த மரியாதையை அவருக்கும் தரவில்லை, ஜனங்களுக்கும் தரவில்லை. 2023-ல் தர்மன் சண்முகரத்தினம் இரண்டு பேரை எதிர்த்து நின்று 70.4 சதவீத ஓட்டு வாங்கினார். சீனர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில்! பெருமைப்பட வேண்டுமானால் இதற்குப் படுவோம்.

எங்கோ சிங்கப்பூர் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? 2007 மே 9-ம் தேதி இதே மதுரையில், ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக தினகரன் அலுவலகம் எரிக்கப்பட்டது. 3 ஊழியர்கள் செத்துப்போனார்கள். கிண்ணத்தை உடைக்க வரும் கையை மதுரைக்காரனுக்கு நன்றாகத் தெரியும். உடைக்காமல் பதவிசாக எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொள்கிற கைதான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெரியவரே, நம்ம ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். யார் உட்கார வைத்தது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.