மடியில் கனம் இல்லாதவருக்கும் பயம்

"மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?" இணையப் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அய்யம்பாளையம் டீக்கடையிலும் டெல்லியிலும் இதே பதில்தான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்தச் சட்டங்களின் சுமை முதலில் இறங்குவது மடியில் கனமே இல்லாதவர் தலையில்தான்.

மருதாநதிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர் ஒருவர், ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை ஈ முட்டையிட்டிருப்பதைப் படம் பிடித்துப் போடுகிறார். மருந்து அடித்தால் ஒட்டுண்ணிக் குளவியும் செத்துவிடும், கரும்பூசணம் உதிர மைதாக் கஞ்சி தெளியுங்கள் என்று பொள்ளாச்சிக்காரர் பதில் எழுதுகிறார். இப்படியொரு கருத்துக்களத்தை ஒருவர் சொந்தக் காசில், தோட்ட வேலை முடிந்த பிறகு நடத்துகிறார் என்று வையுங்கள்.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவரும் குறைதீர் அலுவலரை அறிவிக்க வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்தில் ஒப்புகை, 7 நாளில் தீர்வு. சட்டப்படி நீக்கிய பதிவை 180 நாள் பாதுகாக்க வேண்டும். 50 லட்சம் பயனர்கள் என்ற வரம்பு கூடுதல் கடமைகளுக்கு மட்டுமே. அடிப்படைக் கடமைகள் ஐம்பது பேர் கூடும் இடத்துக்கும் உண்டு. தவறினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு தரும் பாதுகாப்பு போய்விடும். யாரோ எழுதியதற்கு இவர் கோர்ட் படியேற வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் அபராதம் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். 2025 மார்ச்சில் கடமைகள் அமலுக்கு வந்தபோது, வெள்ளெலி வளர்ப்பவர்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு களம் மூடப்பட்டது. உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்ட அடுத்த இடம் இன்ஸ்டாகிராம்! யாரைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்களோ, அவர்களிடமே கூட்டத்தை அனுப்பிவைத்தது சட்டம். வக்கீல் படையே வைத்திருக்கும் கம்பெனிக்கு இந்தக் கடமைகள் இன்னொரு செலவுக் கணக்கு. தனி ஆளுக்கோ கடையைச் சாத்தும் காரணம்.

பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் பொறுப்பை அளந்து போட முடியும். 2021 டிசம்பரில் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அளந்தது: வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால், இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்குங்கள் என்று போலீசுக்குச் சொன்னது.

எழுதியவருக்கும் இடம் கொடுத்தவருக்கும் உள்ள, நீதிமன்றத்துக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் விதியிலும் ஏற வேண்டும். வாக்குக் கேட்டு வரும் எம்.பி.யிடம் கேளுங்கள்: லாபம் பார்க்காத சிறு களங்களுக்குத் தனி வரம்பு எப்போது?