வயல் நடுவே ஒரு கூடு: சாரசக் கொக்குப் பாதுகாப்பில் அமைப்பின் நிலைப்பாடு

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரி பக்கம் மழைக்காலத்தில் நடவு முடிந்த வயல்களில், தேங்கிய தண்ணீருக்கு நடுவே சில இடங்களில் ஒரு திட்டு எழும்பும். நெற்பயிரையும் கோரையையும் பிடுங்கிக் குவித்துச் சாரசக் கொக்கு இணை கட்டும் கூடு அது. பெரும்பாலும் இரண்டே முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். சிவந்த தலையும் கழுத்துமாக ஆறடி வரை நிமிர்ந்து நிற்கும் இதுதான், பறக்கும் பறவைகளிலேயே உயரமானது. உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவையும் இதுவே.

உலக அளவில் இது அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஈரநிலங்கள் சுருங்கச் சுருங்க, நெல் வயலே இதற்குப் புகலிடமாகிவிட்டது. ஆகவே, சரணாலயத்துக்கு எல்லைக்கல் நட்டால் மட்டும் சாரசம் பிழைக்காது. உழவரைப் பங்காளியாக்கினால்தான் பிழைக்கும் என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடு.

இதற்குப் பரத்பூரே சாட்சி. 1980களின் இறுதியில் அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் சாரசங்கள் செத்து விழுந்தன. சுற்றுவட்டார வயல்களில் பயன்படுத்திய ஆல்ட்ரின் என்ற பூச்சிமருந்தே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. பூங்காவுக்குள் காவல் இருந்தது. நஞ்சு வெளியிலிருந்து வந்தது.

கொக்கு பயிரை நாசமாக்குகிறது என்ற புகாரை அமைப்பு ஒதுக்கித் தள்ளவில்லை. தின்பதால் போகும் தானியம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றும், மிதிபட்டு வீணாவது சில கிலோ என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தச் சில கிலோவும் வீட்டுச் சோறு. கூடு இருக்கும் இடத்தை அளந்து, அந்த அறுவடைக்குள்ளேயே இழப்பீடு கையில் சேர வேண்டும். அடுத்த ஆண்டு வரும் பணம் அவருக்கு உதவாது.

கூட்டைக் காவல் காப்பதற்கே கூலி கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அமைப்புக்கு இதில் தயக்கம் உண்டு. கூலி வாங்காமலே தலைமுறை தலைமுறையாகச் சாரச இணையை விரட்டாமல் விட்டுவைத்த ஊர்கள் அவை. அந்தப் பாசத்துக்கு விலை வைத்துவிட்டு, பணம் நின்ற மறுநாள் என்ன செய்வது? குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிராமக் குழுக்களே கூடுகளைக் கண்காணிப்பதுபோல, பொறுப்பை ஊரிடம் விடுவதே நல்லது. கூடு இருக்கிறது என்பதற்காக உழவர்மேல் புதுக் கட்டுப்பாடுகளைச் சுமத்தவும் கூடாது. சுமத்தினால், முட்டை இடுமுன்பே திட்டு கலைக்கப்படும்.

மின்கம்பியில் மோதிச் சாகும் கொக்குகளுக்கு உழவர் பொறுப்பல்ல. கூடுள்ள வயல்களின் மேல் செல்லும் கம்பிகளில் பறவையின் கண்ணில் படும்படி அடையாளம் கட்டுவது மின்வாரியத்தின் வேலை.

அடுத்த நடவுக்கு முன்பே வனத்துறையும் வேளாண் துறையும் சேர்ந்து ஊர் ஊராகப் போய், உழவர்களிடம் பேசி, இழப்பீட்டுத் தொகையை அறிவிக்க வேண்டும் என்று மாநில அரசை அமைப்பு கேட்டுக்கொள்கிறது.